இணைய ஏலத்தில் பழைய பார்க்கர் 51: சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தூரம்

கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு பன்னாட்டு இணைய ஏலத் தளத்தின் வழியாக ஏழு பழைய பார்க்கர் 51 ஊற்றுப்பேனாக்களை வாங்கியிருக்கிறேன். அவற்றுள் நான்கு, விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தபடியே வந்து சேர்ந்தன. மூன்று அப்படி வரவில்லை. அந்த மூன்றும் வழியில் உடையவும் இல்லை, அஞ்சலில் மாறிப்போகவும் இல்லை. அனுப்பியவர் எதை அனுப்பினாரோ அதுவே என் கைக்கு வந்தது. ஆனால் அவர் எழுதியிருந்த விவரத்துக்கும் பெட்டிக்குள் இருந்த பேனாவுக்கும் தொடர்பு மிகக் குறைவாக இருந்தது. பேனாவைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது எவ்வாறு விவரிக்கப்பட்டு, என்ன விலைக்கு, யார் கண்ணில் படும்படி வைக்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

என் அப்பாவிடம் அடர் சிவப்பு நிறத்தில் ஒரு பார்க்கர் 51 இருந்தது. மலாயாவில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொடுத்தது. வீடு மாறும்போது அது தொலைந்துவிட்டது. அதே போன்ற ஒன்றைத் தேடித்தான் முதன்முதலாக அந்தத் தளத்துக்குள் நுழைந்தேன். இப்படி நுழைகிறவர்கள் ஏராளம் என்பதும், அவர்களிடம் பேனாவைப் பற்றிய அறிவைவிட அதன் மேல் இருக்கும் ஆசையே அதிகம் என்பதும் விற்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

முதலில் "அரிது" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் விலையை ஏற்றுவதில் அதற்கு ஈடான சொல் வேறில்லை. பார்க்கர் 51 அரிய பேனா அல்ல. 1941இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து 1972 வரை தயாரிப்பில் இருந்த பேனா அது; இங்கிலாந்தில் நியூஹேவன் தொழிற்சாலையிலும் தயாரானது. விற்ற எண்ணிக்கை கோடியைத் தாண்டியது. வந்த காலத்தில் சாதாரண உலோக மூடி போட்ட பேனாவின் விலை 12.50 டாலர், அந்நாளில் அது பெரிய தொகைதான், என்றாலும் அலுவலகம் போகிறவர்களும் பட்டம் பெற்ற மாணவர்களும் வாங்கிப் பயன்படுத்திய பேனா. இன்றும் எந்த நாளில் தேடினாலும் நூற்றுக்கணக்கில் விற்பனைக்கு இருக்கிறது. அந்த நூற்றுக்கணக்கான குறிப்புகளில் பெரும்பாலானவற்றின் தலைப்பு "அரிது" என்றோ "மிக அரிது" என்றோதான் தொடங்குகிறது. அரிய 51கள் உண்மையிலேயே உண்டு. 1948, 1949 அளவில் சிறிது காலம் மட்டும் வந்த நாவல்பழ நிறம் அப்படிப்பட்டது. கடுகு நிறமும் நாசோ பச்சையும்கூட எளிதில் கிடைப்பவை அல்ல. இந்த நிறங்களைத் தேடுகிறவர்கள் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கும் கிடைக்கும் பர்கண்டி நிறப் பேனாவை மஞ்சள் வெளிச்சத்தில் படம் பிடித்து நாவல்பழ நிறம் என்று பெயர் சூட்டி, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை வைக்கும் குறிப்புகளை நான் மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்: பர்கண்டியில் சிவப்பு தூக்கலாக இருக்கும், மற்றதில் ஊதா சாயல் ஓடும். திரையில் தனியாகப் பார்க்கும்போது அது தெரியாது. வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பகலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று இதுவரை நான்கு விற்பனையாளர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் அனுப்பினார், அது பர்கண்டிதான். மற்ற மூவரிடமிருந்து பதில் இல்லை.

அடுத்தது வயது. பெயரில் 51 என்று இருப்பதால் 1951ஆம் ஆண்டுப் பேனா என்று எழுதி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கர் நிறுவனம் 1888இல் தொடங்கியது. 1939இல் அதன் 51ஆம் ஆண்டில் இந்தப் பேனாவின் வடிவமைப்பு முடிவானதால் அந்த எண்ணைப் பெயராக வைத்தார்கள். இது அறியாமையால் வரும் பிழை, பெரிதாக யாரையும் பாதிப்பதில்லை. பாதிப்பது வேறு ஒன்று. 1945இல் ஜெர்மனி சரணடைந்த ஒப்பந்தம் பிரான்சின் ரைம்ஸ் நகரில் கையெழுத்தானதும் நேச நாட்டுப் படைத் தளபதி ஐசன்ஹோவர் இரண்டு பேனாக்களைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படம் புகழ்பெற்றது. அந்தப் படத்தைக் குறிப்பிலேயே ஒட்டி, "இரண்டாம் உலகப் போர்க்காலப் பேனா" என்று எழுதி, உடலைத் திறந்தால் உலோக உறைக்குள் அழுத்துப் பட்டையுடன் கூடிய மைப்பை இருக்கும் பேனாவை விற்கிறார்கள். அந்த மைப்பை முறைக்கு ஏரோமெட்ரிக் என்று பெயர்; 51இல் அது வந்ததே 1948இல்தான். போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பேனா போர்க்களத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை. விற்பவர் பேனாவை ஒரே ஒருமுறை திருகித் திறந்து பார்த்தாலே அவருக்கு இது தெரிந்துவிடும். நான் பார்த்த ஒரு குறிப்பில், அப்படித் திறந்து எடுத்த படமே ஐந்தாவது படமாக இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

போர்க்காலத்தில் வந்தவை வேக்குமேட்டிக் முறைப் பேனாக்கள், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வால் மையை இழுப்பவை. அவற்றின் உடலில் பொடி எழுத்தில் ஓர் இலக்கமும் அதன் பக்கத்தில் சில புள்ளிகளும் இருக்கும். இலக்கம் ஆண்டின் கடைசி எண்; புள்ளிகள் காலாண்டைக் காட்டும். 6 என்று இருந்தால் 1946. இதைப் படம் எடுத்துப் போடாமல் "முதல் ஆண்டுப் பேனா, 1941" என்று எழுதுகிறவரிடம் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். முத்திரை தேய்ந்துவிட்டது என்று பதில் வந்தால், அந்தப் பேனா யாரோ ஒருவரால் அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் புதுப் பேனாவுக்கு நிகரானது என்று அதே குறிப்பில் எழுதியிருப்பதும் பொய்யாகிவிடுகிறது.

இப்போது என்னுடைய மூன்று பேனாக்களில் முதலாவதைப் பற்றிச் சொல்கிறேன். குறிப்பில் இப்படி இருந்தது: கறுப்பு நிறம், ஏரோமெட்ரிக், 14 காரட் தங்க நிப்பு, மிக நல்ல நிலை. விலை 110 டாலர், அஞ்சல் செலவு 28 டாலர், அதற்கு மேல் இங்கே சுங்க வரி. பத்துப் படங்கள் இருந்தன. பேனாவைக் கிடைமட்டமாக வைத்து எடுத்த படங்கள் ஆறு; பெட்டியின் படங்கள் இரண்டு; கிளிப்பின் படம் இரண்டு. மூடியின் உச்சி எந்தப் படத்திலும் முழுதாக இல்லை, நிப்பு முனையின் நெருக்கப் படமும் இல்லை. 51இன் நிப்பு மற்ற பேனாக்களைப் போல வெளியே விரிந்து தெரியாது. குழாய் வடிவத்தில் சுருட்டப்பட்டு, கழுத்துக்குள் ஒளிந்து, முனை மட்டும் ஒரு நெல் நுனியளவு வெளியே எட்டிப் பார்க்கும். அழகுக்காக மட்டும் செய்த ஏற்பாடு அல்ல இது, சீக்கிரம் காயும் மையை அதில் பயன்படுத்தும்போது நிப்பு உலராமல் இருப்பதற்காகச் செய்தது. ஆனால் இன்றைய விற்பனையில் அந்த ஏற்பாடே விற்பவருக்குத் திரையாகிவிடுகிறது.

பேனா வந்த அன்று மாலை, ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். மூடியின் உச்சியில் இருந்த குமிழ் கறுப்பாக இருந்தது. சாதாரண 51இல் அந்தக் குமிழ் முத்துப் போன்ற சாம்பல் நிறத்தில் இருக்கும். மூடியும் கண்ணாடி போலப் பளபளத்தது. மங்கலான மேற்பரப்பும் விளிம்பில் மட்டும் மெருகுப் பட்டையும் கொண்ட வழக்கமான மூடி அல்ல. எனக்குச் சந்தேகம் தட்டியது. பூதக்கண்ணாடியை எடுத்து நிப்பு முனையைப் பார்த்தேன். தங்கத்தின் மஞ்சள் அங்கே இல்லை, வெள்ளி போல வெளுத்த உலோகம்தான் இருந்தது. மறுநாள் பாரிமுனைப் பக்கம் பேனா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கழுத்துப் பகுதியை மிதமான சூட்டில் காட்டி, ரப்பர்த் துண்டைச் சுற்றிப் பிடித்து, மெல்லத் திருகிக் கழற்றினார். குழாய் நிப்பைத் தன் உள்ளங்கையில் கொட்டி எனக்குக் காட்டினார்.

"இது தங்கம் இல்லை சார், ஆக்டேனியம். ஸ்பெஷல் மாடல். எழுத்து நல்லாவே இருக்கும், ஆனா தங்க நிப்பு விலை கொடுத்திருந்தீங்கன்னா ஏமாந்துட்டீங்க" என்றார்.

ஆக்டேனியம் என்பது எட்டுத் தனிமங்கள் சேர்ந்த ஒருவகை உலோகக் கலவை. 1950இல் 51 ஸ்பெஷல் என்ற பெயரில், விலை குறைந்த வகையாக, இந்த நிப்புடன் பார்க்கர் ஒரு பேனாவை வெளியிட்டது. நல்ல பேனாதான்; என்னிடம் வந்ததும் தடையின்றி எழுதியது. ஆனால் அதன் நியாயமான விலை நான் கொடுத்ததில் பாதியைத் தாண்டாது. விற்பனையாளருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினேன். எல்லா 51களிலும் தங்க நிப்புதான் இருக்கும் என்று தாம் கேள்விப்பட்டதாகப் பதில் எழுதினார். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. ஆனால் கேள்விப்பட்டதை உறுதிமொழியாக மாற்றி அதற்கு ஒரு விலையும் வைத்தார். அந்த விலையை நான் கட்டினேன். தெரியாது என்று எழுதியிருந்தால் நான் கேட்டுத் தெளிந்திருப்பேன்.

தங்கம் என்ற சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 916 முத்திரையைப் பார்த்து நகை வாங்கிப் பழகிய நம் வீடுகளில், "12 காரட் தங்க மூடி" என்று படித்தவுடன் மனம் ஒரு கணக்குப் போட்டுவிடும். மூடியின் விளிம்பில் உண்மையில் பொறித்திருப்பது "1/10 12கே" என்பதும், தங்கத் தகடு போர்த்தியது என்பதைக் காட்டும் எழுத்துகளும். அதாவது மூடியின் உலோக எடையில் பத்தில் ஒரு பங்கு, 12 காரட் தங்கத் தகடு. 12 காரட்டில் பாதிதான் தங்கம். ஆக மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் தங்கம். மீதி பித்தளை போன்ற உலோகம். இது வெறும் முலாம் அல்ல, முலாமைவிடப் பல மடங்கு கனமான தகடு, நல்ல வேலைப்பாடு, எழுபது ஆண்டுகள் கழித்தும் மின்னும் மூடிகளை நான் பார்த்திருக்கிறேன். குறை அந்த மூடியிடம் இல்லை. "1/10" என்ற பகுதியை விட்டுவிட்டு "12கே" என்பதை மட்டும் தலைப்பில் போடும் கையிடம்தான் இருக்கிறது. முத்திரையைப் பார்க்கத் தெரிந்துதான் அவர் அந்த எண்ணை எடுத்திருக்கிறார். அதன் முன்பாதி அவர் கண்ணில் படவில்லை என்பதை நம்புவது கடினம். கிளிப்பின் ஓரத்திலும் மூடி விளிம்பிலும் தகடு தேய்ந்து பித்தளை தெரிகிற இடங்களை "பழமையின் அழகு" என்று எழுதுவதையும் பார்க்கிறேன். தேய்மானத்தைத் தேய்மானம் என்று எழுதினால் வாங்குகிறவர் விலையைத் தானே முடிவு செய்துகொள்வார்.

இரண்டாவது பேனா வேக்குமேட்டிக். இங்கே என் பணம் போனது "இயங்குகிறது" என்ற ஒரே சொல்லில். வேக்குமேட்டிக் 51இன் அடிப்பகுதியில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் அழுத்துத் தண்டு தெரியும். நிப்பை மைக்குள் வைத்துத் தண்டைப் பலமுறை அழுத்தி விட்டால், உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு மேலும் கீழும் போய் மையை இழுக்கும். விற்பனையாளர் ஒரு காணொளியே போட்டிருந்தார்: தண்டை அழுத்துகிறார், அது துள்ளி எழுகிறது, "நுட்பம் சிறப்பாக இயங்குகிறது" என்று எழுதியிருந்தார். துள்ளி எழுவதற்குக் காரணம் உலோகச் சுருள்வில். சவ்வு கிழிந்து கந்தலாகிக் கிடந்தாலும் சுருள்வில் துள்ளத்தான் செய்யும். என்னிடம் வந்த பேனாவை ஒரு தம்ளர் தண்ணீரில் நிப்புப் பக்கம் முக்கி அழுத்தியபோது ஒரு குமிழிகூட வரவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறவில்லை. சவ்வு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு இந்தப் பேனாவுக்கென்றே உள்ள திருகுசாவி வேண்டும், உள்ளே கெட்டிப்பட்ட பழைய ரப்பரைச் சுரண்டி எடுக்கப் பொறுமை வேண்டும். கூலியும் உதிரிப் பொருளும் சேர்ந்து பேனா விலையில் மூன்றில் ஒரு பங்கை எட்டியது.

இதனால்தான் "மை ஊற்றிச் சோதிக்கவில்லை" என்ற வரியை நான் ஏற்பதில்லை. இந்தத் தளத்தில் பழைய பேனாக்களுக்கு அடியில் மிக அதிகமாகக் காணப்படும் வரி அதுதான். வீட்டில் மை இல்லை, பேனாவைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, தாத்தாவின் மேசையில் கிடைத்தது என்று ஒரு கதையும் சேர்ந்து வரும். சோதிக்க மை தேவையே இல்லை. குழாய்த் தண்ணீர் போதும். ஒரு நிமிட வேலை. வேக்குமேட்டிக் ஆனால் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். ஏரோமெட்ரிக் ஆனால் பட்டையை அழுத்தி விட்டுத் தண்ணீர் ஏறுகிறதா, பிறகு அழுத்தினால் பீய்ச்சுகிறதா என்று பார்க்கலாம். நூறு டாலருக்கு மேல் விலை சொல்லுகிறவர், ஒரே விற்பனையாளராக நாற்பது பேனாக்களை அடுக்கி வைத்திருக்கிறவர், அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடவில்லை என்றால், சோதித்துப் பார்த்து முடிவை மறைத்தார் என்று நினைக்கவே எனக்குத் தோன்றுகிறது. ஒன்றிரண்டு பேர் விஷயத்தில் இது தவறான கணிப்பாக இருக்கலாம். என் பணத்தை அந்தச் சந்தேகத்துக்கு எதிராக இனி வைக்க மாட்டேன்.

இதோடு சேர்த்து "பழுதே பார்க்காத, முழுக்க முழுக்க அசல்" என்ற பெருமையையும் வைத்துப் பார்க்க வேண்டும். வேக்குமேட்டிக் பேனாவில் எழுபது, எண்பது ஆண்டுப் பழைய அசல் ரப்பர் என்பது பெருமைக்குரிய விஷயமல்ல, செலவு காத்திருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. ஏரோமெட்ரிக்கின் கதை வேறு. அதன் மைப்பை ரப்பர் அல்ல, ஒருவகை ஒளிபுகும் பிளாஸ்டிக். நன்றாகக் கழுவினாலே பெரும்பாலும் மறுபடி வேலை செய்கிறது. முதல்முறை வாங்குகிறவர் எவராயினும் ஏரோமெட்ரிக்கையே வாங்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது பேனாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உடல் ஒரு பேனாவினுடையது, மூடி வேறொன்றினுடையது, கழுத்தில் மயிரிழை விரிசல். விரிசல் இருந்த பக்கம் எல்லாப் படங்களிலும் கீழே இருந்தது.

51 என்ற பெயரின் கீழ் 51 அல்லாதவையும் வருகின்றன. பார்க்கர் 21 அவற்றுள் முதலாவது. 1948இல் ஐந்து டாலருக்கு வந்த மலிவுப் பேனா. தோற்றத்தில் 51ஐ ஒத்தது, ஆக்டேனியம் நிப்பு, எளிதில் விரிசல் விடும் பிளாஸ்டிக். தலைப்பில் "பார்க்கர் 51 வகை" என்று எழுதிவிட்டால் தேடுகிறவர் கண்ணில் பட்டுவிடும். சீனத் தயாரிப்பான ஹீரோ, விங் சங் பேனாக்கள் சில 51இன் வடிவத்தைப் பின்பற்றியவை. அந்தந்தப் பெயரில் வாங்கினால் கொடுக்கும் காசுக்கு மிக நல்ல பேனாக்கள். அவற்றின் மூடியை மட்டும் மாற்றிப் பார்க்கர் என்று விற்பதுதான் பிழை. இன்னொன்று, 2021இல் பார்க்கரே 51 என்ற பெயரில் ஒரு புதிய பேனாவைக் கொண்டுவந்தது. அதன் மூடி திருகி மூடுவது. பழைய 51இன் மூடி திருகாது. நேராகத் தள்ளினால் உள்ளே இருக்கும் வளையம் கவ்விக்கொள்ளும். நம் நாட்டு விற்பனைத் தளங்களில் "பழங்காலப் பார்க்கர் 51" என்று ஒன்றைப் பார்த்தால், மூடி திறந்த படத்தில் கழுத்தருகே திருகு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது பழங்காலப் பேனா அல்ல.

மற்ற நிறுவனப் பேனாக்களிலும் இதே பழக்கம் உண்டு. பழைய வாட்டர்மேன் பேனாக்களின் கெட்டி ரப்பர் வெயிலிலும் ஈரத்திலும் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். அதற்குக் கறுப்புச் சாயம் பூசி "மங்காத அசல் கறுப்பு" என்று விற்கிறார்கள். பொறிப்பு வரிகளின் பள்ளத்தில் சாயம் தேங்கி நிற்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். ஷீஃபர் நிறுவனம் 1952இல் வெளியிட்ட ஸ்னார்க்கல் வகையில் ரப்பர் வளையங்களும் மைப்பையும் உள்ளே பல இடங்களில் இருக்கும். அதைச் சோதிக்காமல் வாங்குவது வேக்குமேட்டிக்கைவிட ஆபத்து.

விலைக்கு வருகிறேன். ஏலம் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலான 51கள் ஏலத்துக்கு வருவதில்லை. "உடனே வாங்கலாம்" என்ற நிலையான விலையில் நிற்கின்றன. அந்த விலைகளைப் பார்த்துவிட்டுத்தான் புதியவர்கள் சந்தை விலை இதுதான் என்று முடிவு செய்கிறார்கள். 350 டாலருக்கும் 400 டாலருக்கும் சாதாரணக் கறுப்பு ஏரோமெட்ரிக் நிற்கிறது. ஒருவர் ஆனை விலை வைத்தால் அடுத்தவர் அதைப் பார்த்துக் குதிரை விலையாவது வைக்கிறார். அந்தப் பேனாக்களில் சிலவற்றை நான் குறித்து வைத்துப் பதினான்கு மாதமாகப் பார்த்துவருகிறேன், இன்னும் விற்கவில்லை. கேட்கும் விலையும் விற்கும் விலையும் வேறு வேறு. தளத்திலேயே "முடிந்த விற்பனைகள்" என்ற வடிகட்டி இருக்கிறது. அதை அழுத்திப் பார்த்தால், பழுது பார்த்து எழுதும் நிலையில் உள்ள சாதாரண ஏரோமெட்ரிக்குகள் நான் கவனித்த வரையில் பெரும்பாலும் 100 முதல் 150 டாலருக்குள், சோதிக்காதவை அதில் பாதிக்குள் கைமாறியிருப்பது தெரியும். இந்த வடிகட்டி இருப்பது தளத்தின் பெரிய நன்மை. அது பல அடுக்கு உள்ளே, புதியவர் கையில் படாத இடத்தில் இருப்பது குறை.

உண்மையான ஏலமாக வருபவற்றிலும் கவனம் தேவை. ஒரு டாலரில் தொடங்கி, அஞ்சல் செலவை 45 டாலர் என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை நான் தோற்ற ஏலத்தில், வென்றவர் எடுத்ததாகக் காட்டிய அதே பேனா, அதே கீறலுடன், அதே படங்களுடன், மூன்று வாரம் கழித்து மறுபடி ஏலத்துக்கு வந்தது. வென்றவர் பணம் கட்டாமல் விட்டிருக்கலாம். விலையை ஏற்றுவதற்கென்றே யாரோ கேட்டிருக்கலாம். எது நடந்தது என்று வாங்குபவர் அறிய எந்த வழியும் இல்லை. அன்றிலிருந்து ஒரு தொகையை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் பக்கத்தை மூடிவிடுகிறேன்.

தளத்தின் வாங்குபவர் பாதுகாப்பு பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். தங்க நிப்பு இல்லாத முதல் பேனாவுக்கு நான் முறையிட்டேன். பழுது பார்ப்பவர் கழற்றி வைத்த நிப்பின் படத்தையும் விற்பனைக் குறிப்பின் நகலையும் இணைத்தேன். விவரத்துக்குப் பொருந்தாத பொருள் என்று ஒன்பது நாளில் ஒப்புக்கொண்டார்கள், பேனாவைத் திருப்பி அனுப்பியதும் பேனா விலையும் வந்த அஞ்சல் செலவும் திரும்பக் கிடைத்தன. இது நல்ல சேவை, குறை சொல்ல இடமில்லை. ஆனால் நான் கட்டிய சுங்க வரி திரும்பவில்லை. சென்னையிலிருந்து பதிவு அஞ்சலில் திருப்பி அனுப்பிய செலவில் ஒரு பகுதி மட்டுமே கிடைத்தது. வேக்குமேட்டிக் விஷயத்தில் முறையீடு எடுபடவே இல்லை: தண்டு இயங்குகிறது என்றுதான் அவர் எழுதியிருந்தார், தண்டு இயங்குகிறது, ஆகவே விவரம் சரி என்று முடித்துவிட்டார்கள். பழைய பேனாவை அறிந்தவர் ஒருவர் அந்த முறையீட்டைப் படித்திருந்தால் இப்படி முடித்திருக்க மாட்டார்.

நன்றாக வந்த நான்கு பேனாக்களையும் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாகாது. அந்த நான்கில் மூன்று, பேனாக்களைத் தாமே பழுது பார்த்து விற்கும் இருவரிடம் வாங்கியவை. அவர்களுடைய குறிப்புகளின் தோற்றமே வேறு. தலைப்பில் "அரிது" இல்லை. நிப்பின் நெருக்கப் படம், கழுத்தின் நான்கு பக்கப் படம், முத்திரையின் படம், அந்தப் பேனாவாலேயே எழுதிய ஒரு தாளின் படம், எல்லாம் இருந்தன. ஒரு குறிப்பில், உடலின் நடுவில் முந்தைய உரிமையாளர் பெயர் பொறித்திருக்கிறது, அதை நான் தேய்த்து அழிக்கவில்லை, அழித்தால் அந்த இடம் மெலிந்துவிடும் என்று எழுதி, அந்தப் பெயர் தெரியும்படி முதல் படத்தையே எடுத்திருந்தார். மூடி விளிம்பில் ஒரு பள்ளம் இருப்பதைச் சுட்டும் அம்புக்குறியும் போட்டிருந்தார். விலை 125 டாலர். பட்டியலில் அதைவிட முப்பது டாலர் குறைவாகப் பல பேனாக்கள் நின்றன. என் கணக்கில் அந்த 125தான் மலிவு: பேனா வந்த அன்றே மை நிரப்பி எழுதினேன், அதற்குப் பிறகு ஒரு ரூபாய் செலவு இல்லை. சோதிக்காத 80 டாலர்ப் பேனா, வரியும் பழுதுக் கூலியும் சேர்ந்து என் கையில் எழுதத் தொடங்கியபோது 150ஐத் தாண்டியிருந்தது.

ஆகவே இந்தத் தளத்தில் பேனா வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பழுது பார்த்து விற்பவர்களிடம், எழுதிக் காட்டிய தாளின் படத்தோடு இருப்பதை வாங்குங்கள். ஐந்துக்கு நான்கு என்று தயங்காமல் மதிப்பிடுவேன். பொது விற்பனையாளர்களின் பழைய பேனாப் பகுதிக்கு ஐந்துக்கு ஒன்றரைதான் என்னால் கொடுக்க முடியும். தளம் மனம் வைத்தால் இதைச் சீர்செய்வது பெரிய வேலை அல்ல. செல்பேசி விற்கும்போது நினைவகத்தின் அளவைக் கட்டாயமாக நிரப்பச் சொல்கிறார்கள். அதேபோல ஊற்றுப்பேனாவுக்கும் நிப்பு எந்த உலோகம், தண்ணீரில் சோதித்தீர்களா, எந்தெந்தப் பகுதி மாற்றப்பட்டது என்ற மூன்று கட்டங்களை வைத்து, "தெரியாது" என்ற பதிலையும் ஒரு தேர்வாகக் கொடுத்தால் போதும். தெரியாது என்று அழுத்தியவர் 400 டாலர் கேட்டால் வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே விளங்கும். இதை இரண்டுமுறை கருத்தாக அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதில் வந்தது.

நான் திருப்பி அனுப்பிய கறுப்பு ஸ்பெஷல் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் மறுபடி விற்பனைக்கு வந்தது. பத்துப் படங்களும் அவையே. 14 காரட் தங்க நிப்பு என்ற வரியும் அப்படியே இருந்தது. விலை 120 டாலர். தளத்துக்குப் புகார் அனுப்பினேன், விற்பனையாளருக்கும் மீண்டும் எழுதினேன். இதை எழுதும் இன்று காலை பார்த்தபோதும் அந்தக் குறிப்பு மாறாமல் நின்றது. ஆறு பேர் அதைத் தங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.